நிரந்தர வேலையும் ஒரு வெள்ளைச் சட்டையும்

1

எங்கள் வீட்டில் ஆண்டுக்கொரு முறை, பண்டிகை எதுவும் இல்லாத ஒரு நாளில், பால் பாயசம் உண்டு. நான் வேலை பார்த்த முதல் விமானக் கம்பெனி இழுத்து மூடப்பட்ட நாள் அது. சோறு போட்ட கம்பெனி மூடியதற்குப் பாயசம் வைக்கும் குடும்பம் வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

காரணம் இதுதான். அப்போது சென்னையில் இருந்தோம். நான் துணை விமானி. அந்த வாரம்தான் என்னை நிரந்தரமாக்கியிருந்தார்கள். என் மனைவி வனிதா அதற்காகப் பாயசம் வைத்தாள். நான் சீருடை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். வாசல் கதவில் என் அட்டையைக் காட்டினால் கதவு திறக்கவில்லை. காவலாளிக்கும் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. "மெஷின் ரிப்பேரு சார், ஆள் வந்துரும்" என்றார். நிரந்தர ஊழியனும் காவலாளியும் சேர்ந்து மெக்கானிக்குக்காகக் காத்திருந்தோம். வந்தது மெக்கானிக் இல்லை, டிவிக்காரர்கள். வீட்டுக்குத் திரும்பினேன். அடுப்பு மேடையில் பாயசம் இருந்தது. "இத இப்ப என்ன பண்றது?" என்றாள் வனிதா. "குடிக்கலாம்" என்றேன். அதுவே வழக்கமாகிவிட்டது.

இன்று அந்த நாள். இப்போது நாங்கள் இருப்பது பாலைவனத்தை ஒட்டிய ஒரு நகரம். எங்கள் மகள் யாழினிக்குப் பதினான்கு வயது. நான் வேலை செய்யும் கம்பெனி விமானங்களை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறது. வாடகைக் காலம் முடிகிறது, அதோடு என் வேலையும் முடிகிறது. இந்த ஊரில் வேலை போனால் விசா போய்விடும். விசா போனால் வீடு, பள்ளிக்கூடம், பால்காரர் கணக்கு எல்லாம் வரிசையாகப் போய்விடும். நல்லவேளை, இரண்டு கம்பெனிகள் வா என்கின்றன. வியாழக்கிழமைக்குள் ஒன்றுக்குச் சரி சொல்ல வேண்டும்.

இந்த நெருக்கடியில் என் சீருடைச் சட்டை ஒன்றையும் காணோம். தோள்பட்டையில் கோடு வைத்த வெள்ளைச் சட்டை. கீழே சலவைக்கடை வைத்திருக்கும் பன்னீர்தான் தொலைத்திருக்க வேண்டும். வேதாரண்யத்துக்காரர். "உப்பு மேல சத்தியமா நீங்க போடவே இல்ல சார்" என்கிறார். ஒரு மாதமாக எங்களுக்குள் இதே பேச்சு.

2

விமானம் ஓட்டுவதைவிடக் கஷ்டமானது, விமானம் ஓட்டலாம் என்று ஒரு காகிதம் வாங்குவது. இங்கே உரிமம் மாற்றப் போனபோது கவுன்டரில் இருந்தவர் என் பெயரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். த. மதியழகன். "இந்த ஒற்றை எழுத்து என்ன?" அப்பா பெயர் என்றேன். "எழுத்து எப்படிப் பெயராகும்? முழுதாகக் கொண்டு வா." நோட்டரி, தூதரகம், மறுபடி நோட்டரி என்று அலைந்து முழுதாகக் கொண்டுபோனேன். மதியழகன் தங்கராசு. இவர்கள் வழக்கப்படி பின்னால் வருவதுதான் கூப்பிடும் பெயர். அன்றிலிருந்து பணிப்பட்டியலில், ஒலிபெருக்கியில், சட்டையில் குத்தும் பெயர்ப் பட்டையில், எல்லாவற்றிலும் நான் தங்கராசு.

நீடாமங்கலம் பக்கத்தில் குத்தகை நிலத்தில் நெல் போடும் என் அப்பாவுக்கு இதில் தாங்க முடியாத பெருமை. போன் போட்டால் முதல் கேள்வியே, "இன்னைக்கு நான் எங்க பறக்கறேன்?" என்பதுதான். கொழும்பு என்றால் அன்று மாலை உரக்கடையில் உட்கார்ந்துகொண்டு கொழும்பு வானிலையைப் பற்றிப் பேசுவார்.

யாழினியைப் பள்ளியில் மிஸ் மதியழகன் என்று கூப்பிடுகிறார்கள். "திட்டு விழறதெல்லாம் உங்களுக்குத்தான்ப்பா" என்று சொல்லியிருக்கிறாள். அவள் தமிழ் பேசுகிறாள், ஆனால் பொருள்களெல்லாம் வேறு ஊருடையவை. "தாத்தாவோட ரைஸ் தோட்டம் எப்படி இருக்கு?" என்று கேட்டாள் ஒரு முறை. வயல் என்று திருத்தினேன். திருத்தும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கலாம். அதன்பிறகு அவள் தாத்தாவின் நிலத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

3

முதலில் பெரிய கம்பெனியைப் பற்றிச் சொல்கிறேன். அரசாங்கம் பின்னால் நிற்கும் கம்பெனி. உள்ளே போய்விட்டால் தலை நரைத்துத்தான் வெளியே வர வேண்டும். வீடு தருவார்கள், பள்ளிக் கட்டணம் தருவார்கள். என்னோடு பயிற்சிப் பள்ளியில் படித்த குணசேகரன் அங்கே இருக்கிறான். திருத்துறைப்பூண்டிக்காரன். வாய் ஓயாமல் பேசுகிறவன். படிக்கிற காலத்தில் அவனைப் பேசாமல் இருக்க வைப்பதற்காகவே ஆசிரியர்கள் முதல் வரிசையில் உட்கார வைப்பார்கள்.

விமானிகளுக்கு ஆறு மாதத்துக்கொரு முறை சிமுலேட்டரில் சோதனை உண்டு. ஒரு அறை அளவுள்ள பெட்டி, கீழே இரும்புக் கால்கள். உள்ளே உட்கார்ந்தால் நிஜ விமானம் போலவே ஆடும். எஞ்சினில் தீ வைப்பார்கள், மூடுபனி போடுவார்கள், நாம் சமாளித்துக்காட்ட வேண்டும். எல்லாக் கம்பெனியிலும் இது உண்டு. எப்படி நடத்துகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

போன மாதம் குணசேகரனைப் பார்க்க அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி கதவைப் பாதி திறந்து, குரலைத் தாழ்த்தி, "அண்ணே, அவருக்கு செக் வருதுண்ணே. சத்தம் இல்லாம வாங்க" என்றாள். உள்ளே டிவி இல்லை, தாளிப்பு வாசனை இல்லை, குழந்தைகள் காலால் நடக்காமல் விரலால் நடந்தன. அம்மை போட்ட வீடு போல இருந்தது. நிலைப்படியில் வேப்பிலை மட்டும்தான் செருகவில்லை.

குணசேகரன் முகச்சவரம் செய்யாமல் உட்கார்ந்திருந்தான். எந்தப் பரிசோதகர் யாருக்கு என்ன கோளாறு கொடுத்தார் என்று வாட்ஸப் குழுவில் வந்ததையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டிருந்தான்.

"சந்தேகம் இருந்தா அவங்ககிட்டயே கேக்க வேண்டியதுதானேடா?"

"கேட்டா, இவனுக்கு இது தெரியாதுன்னு எழுதிருவாங்க."

"தப்பு பண்ணிட்டு நீயே சொன்னா?"

"சொன்னவன் யாரையும் நான் அப்புறம் பாத்ததில்ல." போனில் அடுத்த செய்தியைத் தள்ளினான். "வேலைக்கு ஒரு ஆபத்தும் இல்லடா மதி. ஆபத்தெல்லாம் நமக்குத்தான்."

அவனுக்கு நெஞ்செரிச்சல் மாத்திரை ஒரு டப்பா நிறைய இருந்தது. அதற்கும் கம்பெனியே பணம் கட்டுகிறது.

4

சின்னக் கம்பெனி வடக்கே, குளிர் நாட்டில். சில விமானங்கள்தான். மூன்று வருட ஒப்பந்தம். பனிக்காலத்தில் பயணிகள் குறைந்தால் கடைசியாகச் சேர்ந்தவனை முதலில் அனுப்புவார்கள். இதை அவர்களே நேர்காணலில் சொன்னார்கள். அதுவே எனக்குப் புதிதாக இருந்தது.

சிமுலேட்டர் சோதனைக்கு வந்தவர் ஹெல்கா என்ற கேப்டன். ஓய்வுபெறும் வயதை நெருங்கும் பெண்மணி, கம்பளிக் காலுறை போட்டிருந்தார். அவர் ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்துச் சொல்ல வேண்டியவன். இறங்கும் நேரத்தில் வேகம் கூடுதலாக இருந்தது. சக்கரங்களைக் கீழே இறக்கவே இல்லை.

இங்கே நம் வளர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கத்தில் விருந்துக்குப் போய், சாம்பாரில் உப்பே இல்லை என்றால், யாராவது உப்பில்லை என்று சொல்வோமா? "சாம்பார் நல்ல வாசனை. ஊறுகாய் இருந்தா இன்னும் எடுப்பா இருக்கும்" என்போம். பரிமாறுகிறவருக்குப் புரிந்துவிடும், அவர் முகமும் வாடாது. பெரியவர்களிடம் குற்றத்தை நேரே சொல்வது எங்கள் வீட்டில் பழக்கமே இல்லை. அந்தப் பழக்கத்தோடுதான் நான் அன்று உட்கார்ந்திருந்தேன்.

"கேப்டன், இன்று காற்று நம்மைக் கொஞ்சம் அவசரப்படுத்துவது போல இருக்கிறது" என்றேன். அவர் தலையாட்டினார். வேகம் குறையவில்லை. ஓடுபாதை பெரிதாகிக்கொண்டே வந்தது. "கேப்டன், சக்கரங்களைப் பற்றி உங்கள் எண்ணம் என்ன?" என்றேன். மறுபடி தலையாட்டினார். நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் மெஷின் பொறுக்கமாட்டாமல் கத்திவிட்டது. மெஷினுக்கு நீடாமங்கலத்து வளர்ப்பு இல்லை.

வெளியே வந்ததும் என் வேலை போயிற்று என்று நினைத்தேன். ஹெல்கா இரண்டு காபி கொண்டுவந்து வைத்தார். முதலில் தன் கதையைச் சொன்னார். பல வருடங்களுக்கு முன்பு ஒரு மழை நாளில், ஓடுபாதை என்று நினைத்து, பக்கத்தில் விமானங்கள் ஊர்ந்துபோகும் பாதையில் இறங்கப் பார்த்தாராம். பக்கத்து இருக்கையில் இருந்த பையன் கத்தியதால்தான் இப்போது காபி குடிக்கிறாராம். இதை வெட்கமில்லாமல், நேற்று மாவு புளித்துவிட்டது என்பது போலச் சொன்னார். பிறகு என்னைக் கேட்டார்.

"எப்போது பார்த்தாய்?"

"உடனே பார்த்துவிட்டேன்."

"எப்போது சொன்னாய்?"

"சொல்லிக்கொண்டேதான் இருந்தேன்."

அவர் சிரித்த சிரிப்பில் காபி தளும்பியது. "பார்த்ததற்கும் சொன்னதற்கும் நடுவில் விமானம் எவ்வளவு தூரம் இறங்கிவிடுகிறது என்பதுதான் நம் தொழில். வா, மறுபடி போகலாம்."

இரண்டாம் முறை நான் "சக்கரம்" என்று போட்ட சத்தத்தில் பின்னால் மெஷினை இயக்கிக்கொண்டிருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். வேலை கிடைத்தது. மூன்று வருடத்துக்கு.

5

ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வீடியோ அழைப்பு. அப்பா சட்டை பொத்தானெல்லாம் போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். பின்னால் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"பர்மனென்ட்டா இல்லையா, அத மட்டும் சொல்லு" என்றார் அப்பா.

"ஒண்ணு பர்மனென்ட்டு. ஒண்ணு மூணு வருஷம்."

"அப்பறம் என்னத்த யோசிக்கிற? பெரிய கம்பெனிக்கு எழுதிப் போடு. பொண்ணு படிக்கணும்ல."

"அங்க ட்ரெய்னிங் சரியில்லப்பா. தப்பு பண்ணா சொல்ல முடியாது, எல்லாரும் மறைக்கிறாங்க."

"தப்பு பண்ணாம ஓட்டு. முடிஞ்சு போச்சு."

அம்மா கீரையிலிருந்து தலையைத் தூக்காமல், "ஏங்க, அந்த வாய்க்கா தலைப்பு நெலத்த ஏன் வுட்டீங்கன்னு அவன்ட்ட சொல்லுங்க" என்றார்.

வாய்க்கால் தலைப்பில் இருக்கும் நிலத்துக்குத் தண்ணீர் முதலில் வரும், குறைந்தாலும் வரும். அப்படி ஒரு நிலம் அப்பாவுக்குக் குத்தகைக்குக் கிடைத்தது. ஒரே ஒரு சம்பா போட்டார். மறு வருடம் அதை விட்டுவிட்டு, தண்ணீர் வருமா வராதா என்று வானத்தையும் மதகையும் மாறிமாறிப் பார்க்க வேண்டிய கடைமடை நிலத்தை எடுத்தார். இன்றுவரை அதில்தான் இருக்கிறார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

"அது வேற, இது வேற" என்றார் அப்பா.

"என்ன வேற? சொல்லுங்க, கேப்போம்" என்றார் அம்மா.

"நீ சும்மா இரு. அந்த நெலத்துக்காரரு வரப்புல சேரப் போட்டு, குடையப் புடிச்சிக்கிட்டு உக்காந்துருவாரு. ஒரு நாத்து சாஞ்சிருந்தாலும் நாலு பேரு முன்னாடி எங்கப்பன் பேரச் சொல்லித் திட்டுவாரு. நடவுல தப்பானாலும் பொம்பளைங்க மறைச்சு மறைச்சு நட்டாங்க. பூச்சி உழுந்தத எங்கிட்டயே சொல்லாம வுட்டுட்டாங்க, திட்டு உழுமேன்னு. மனுசன் செய்வானா அந்த நெலத்த?"

பேசி முடித்ததும் அவருக்கே கேட்டுவிட்டது. திரையில் என் முகத்தைப் பார்த்தார். அம்மா கீரை உருவினார்.

"இங்க நெட்டு சரியில்ல. அப்பறம் பேசறேன்" என்று அணைத்துவிட்டார். நெட் நன்றாகவே இருந்தது.

6

ஆக, இன்று மாலை பாயசம். நாளை மறுநாள் வியாழன். நான் இன்னும் முடிவு செய்யவில்லை. அப்பாவின் கதையால் சிரிப்பு வந்ததே தவிர, துணிச்சல் வரவில்லை. ஒரு முறை கதவு திறக்காமல் நின்றவனுக்கு நிரந்தரம் என்ற சொல்லின் மேல் கோபமும் இருக்கும், ஆசையும் இருக்கும். மூன்று வருடம் கழித்து யாழினி கல்லூரிக்குப் போகும் நேரத்தில் நான் மறுபடி ஒரு கதவு முன்னால் நிற்க வேண்டுமா?

மாலையில் சாப்பாட்டு மேசையில் இரண்டையும் எடுத்துச் சொன்னேன். வனிதா, "நீங்க எங்க போனாலும் வீட்டுக்கு வர்றப்ப மனுசனா வரணும். எனக்கு அவ்வளவுதான்" என்றாள். யாழினி கரண்டியால் முந்திரியை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். பேச்சுக்குத்தான் அவளையும் கேட்டேன்.

"பெரிய கம்பெனிக்கே போங்கப்பா. உங்களுக்குப் பழக்கமான இடம்தான்."

"நான் எங்க அங்க வேல பாத்திருக்கேன்?"

"இங்கதான். நம்ம வீடு." கரண்டியை வைத்துவிட்டாள். "நீங்கதான் பெரிய கம்பெனி. உங்க வேலை போகவே போகாது. எப்பவும் இருப்பீங்க. ஆனா உங்ககிட்ட தப்பச் சொல்ல முடியாது. அம்மாதான் சின்னக் கம்பெனி."

வனிதா பாயசக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மறுக்கவில்லை என்பதை நான் கவனித்தேன். எனக்கு முகம் சுட்டது. இப்படிப் பேச யார் சொல்லிக்கொடுத்தது என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அது வந்த வேகத்தில்தான் எனக்குப் புரிந்தது, வரப்பில் சேர் போட்டு உட்கார்ந்திருப்பது யார் என்று.

என்ன செய்வதென்று தெரியவில்லை. ஹெல்கா செய்ததையே செய்தேன். முதலில் என் தப்பைச் சொன்னேன். வீட்டில் யாரிடமும் சொல்லாதது அது. சோதனையில் நன்றாகச் செய்தேன் என்றுதான் சொல்லியிருந்தேன். தரை மேலே வந்துகொண்டிருக்கும்போது, "சக்கரங்களைப் பற்றி உங்கள் எண்ணம் என்ன?" என்று கேட்டவன் நான் என்று சொன்னேன். யாழினி சிரித்ததில் பாயசம் அவளுக்கு மூக்கில் ஏறிவிட்டது. வனிதா அவள் தலையைத் தட்டினாள். இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாழினி சொன்னாள்.

"உங்க ஒயிட் ஷர்ட்ட நான்தான்ப்பா எரிச்சேன். உங்களுக்கு சர்ப்ரைஸா அயர்ன் பண்ணி வைக்கலாம்னு எடுத்தேன். போன் வந்துச்சு, அயர்ன் பாக்ஸ அது மேலயே வச்சிட்டேன். முதுகுல பெரிய ட்ரையாங்கிள். குப்பைல போட்டுட்டேன்."

ஒரு மாதம். ஒவ்வொரு முறையும் நான் பன்னீரிடம் போனில் கத்தும்போது இவள் எழுந்து தன் அறைக்குப் போனது நினைவுக்கு வந்தது. ஒரு சட்டைக்காக என் பெண் ஒரு மாதம் பயந்துகொண்டு இருந்திருக்கிறாள். அதை நினைத்தபோது சட்டையெல்லாம் எனக்கு ஒன்றுமே இல்லை. அழுகை வந்தது.

"கை சுட்டுக்கிட்டியா?" என்று கேட்டேன். அதைத் தவிர வேறு எதுவும் வாயில் வரவில்லை. இல்லை என்றாள்.

மேசையைத் துடைப்பதற்கு முன்பே சின்னக் கம்பெனிக்குச் சரி என்று எழுதி அனுப்பினேன்.

7

மறுநாள் பாயசத்தை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு பன்னீர் கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் கும்பிடு போட்டார். "சார், இன்னைக்கும் சட்டை இல்ல சார்."

"பன்னீர், சட்டை எங்க வீட்டுலயே எரிஞ்சு போச்சு. உங்க மேல தப்பே இல்ல. என்ன மன்னிச்சிருங்க."

அவர் டப்பாவைத் திறந்து பார்த்து, மூடி, ஓரமாக வைத்தார். "யாரு சார் எரிச்சது?"

"பாப்பா. இஸ்திரி போடப் பாத்திருக்கா."

"சூட்டக் கொறைக்கத் தெரியல போல. அனுப்பி வைங்க, நான் சொல்லித் தரேன்" என்றவர், கொஞ்சம் யோசித்து, "நான் செஞ்ச சத்தியம் வீண் போகல பாருங்க" என்றார்.

அன்று அப்பாவுக்கும் போன் செய்தேன். சின்னக் கம்பெனிக்குப் போகிறேன் என்றேன்.

"மூணு வருஷம் கழிச்சு?"

"தெரியலப்பா."

"அப்ப கடைமடைன்னு சொல்லு." பெருமூச்சு விட்டார். "அங்கயும் நான் தங்கராசுதானே?"

"தங்கராசுதான்."

"ரொம்பக் குளிருமோ?"

"பனி பெய்யும்ப்பா."

"சரி, ஒரு ஸ்வெட்டர் வாங்கிக்கிறேன்" என்றார். வாங்கியும் விட்டார். சித்திரை வெயிலில் உரக்கடைக்குப் போட்டுக்கொண்டு போனதாக அம்மா சொன்னார்.

8

நாங்கள் கிளம்புவதற்கு முந்தைய நாள் இதை எழுதி முடிக்கிறேன். முடிந்துவிட்டது என்று காலையிலேயே நினைத்திருந்தேன். கப்பலில் போகும் சாமான்களை ஏற்றிக்கொண்டு லாரி கிளம்பியது. வெறும் வீட்டில், தரையில் உட்கார்ந்து, கைலியோடு டீ குடித்துக்கொண்டிருந்தேன். யாழினி உள்ளிருந்து வந்து எதிரே நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"அப்பா, ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"சொல்லு."

"பாஸ்போர்ட், உங்க லைசென்ஸ், எல்லாம் இருந்த ஃபைல். பத்திரமா இருக்கட்டும்னு புக்ஸ் பெட்டில வச்சேன். அந்தப் பெட்டி லாரில போயிருச்சு."

டீ டம்ளரைத் தரையில் வைத்தேன். நாளைக்கு விமானம். பாஸ்போர்ட் இல்லாமல் இந்த ஊரைவிட்டுப் போக முடியாது, விசா முடிந்த ஊரில் இருக்கவும் முடியாது. எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டே கேட்டேன்.

"எப்ப பாத்தே?"

"இப்பதான்ப்பா."

"எப்ப..." என்று ஆரம்பித்தேன்.

"இப்பதானே சொல்றேன்" என்றாள்.

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி ஓடினேன். தெருமுனைக் கடையில் லாரி நின்றுகொண்டிருந்தது. டிரைவர் இன்னும் டீயை முடிக்கவில்லை.